வெல்லப்பாகு பூசிய பொங்கல் வாழ்த்து

என்னை யாராவது கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டால் அந்தக் காரியம் அன்றோடு கெட்டது என்று அர்த்தம். சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது அல்லவா, அதுபோல எனக்குப் புகழ்ச்சி ஆகாது.

அப்போது யுத்த காலம். அம்பத்தூரில் ஏரிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. என் வீட்டுக்காரர் வயலைப் பார்த்துக்கொண்டார். நான் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். (வயல் எதிர்த்துப் பேசாது. அவருக்குச் சுலபம்.) மூத்தவள் அலமேலுவுக்குப் பதினோரு வயது. அந்த வருஷம் ஐப்பசியில் அவளுக்கு விஷ ஜுரம் வந்து, பிழைத்ததே பெரிது என்று ஆகிவிட்டது. கொத்துக் கொத்தாக முடி கொட்ட, மொட்டையடித்துவிட்டோம். ஜுரம் போயிற்று. ஆனால் எங்கள் பழைய அலமேலு திரும்பி வரவில்லை. தெருவில் ஒரு பயல் "மொட்ட, மொட்ட" என்று கத்திய நாளிலிருந்து அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. பள்ளிக்கூடமும் நின்றது. அடுப்புக்கரியை எடுத்துப் பின்கட்டுச் சுவரில் படம் போட்டுக்கொண்டே இருப்பாள். பேச்சு குறைந்தது. சிரிப்பு அடியோடு நின்றுவிட்டது.

மார்கழியில் ஒரு நாள் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குப் புளி வாங்கப் போனேன். "இந்த வருசம் பொங்கல் வாழ்த்து கெடியாதும்மா. காயிதமே வரல, யுத்தம் நடக்குதுல்ல?" என்று கடைக்காரர் யாரிடமோ அலுத்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கள் பின்கட்டுச் சுவர் ஞாபகத்துக்கு வந்தது. புளியை வாங்காமலே வீட்டுக்கு ஓடி வந்தேன்.

"அலமேலு, நாமளே வாழ்த்து செஞ்சி விக்கலாமாடி?"

அவள் கரிக்கட்டியைக் கீழே வைத்தாள். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பூந்தமல்லி ஜவுளிக்கடையில் வேட்டிக் கட்டுகளுக்குள் வைத்து வரும் தடித்த அட்டைகளை என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கி வந்தார். மஞ்சள், நீலப்பொடி, அவரையிலைச் சாறு, செம்மண் எல்லாம் வண்ணமாயின. அலமேலு பானையும் கரும்பும் சூரியனும் வரைந்தாள். எட்டு வயசு ராஜவேலு மாடு மட்டும்தான் போடுவேன் என்று அடம்பிடித்தான். கடைக்குட்டி பட்டு ஓரத்தில் கட்டைவிரலால் புள்ளி வைத்தாள். (அட்டையில் வைத்ததைவிடத் தன் பாவாடையில் வைத்தது அதிகம்.)

வீட்டுக்காரர் ஓர் அட்டையை எட்டப் பிடித்துப் பார்த்தார். "இன்னாடா இது, நாயா?"

"மாடு நைனா! கொம்பு கீது பாரு!"

"அது காதுன்னு நெனச்சேன்டா."

அலமேலுவின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஒரே ஒரு குறை. காய்ந்ததும் வண்ணம் செத்துப் போய்விட்டது. கடையில் விற்கும் வாழ்த்தில் பானை தங்கமாக மின்னும். எங்கள் பானை பழைய பூசணிக்காய் மாதிரி இருந்தது. நான் யோசித்தேன். (நான் யோசித்ததுதான் வினை.) வேலம் பிசினோடு வெல்லத்தைக் காய்ச்சிப் பாகாக்கி, மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசினேன். அடடா! பானை என்ன, ராஜவேலுவின் மாடுகூட மின்னியது.

"கெட்டிக்காரிதான்டி நீ!" என்றார் வீட்டுக்காரர்.

சொல்லிவிட்டார்.

விற்கப் போக வேண்டிய நாளில் அலமேலு நைனாவின் துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "நானும் வரேன்" என்றாள். நான் எதையும் பெரிதுபடுத்தாமல், "சரி, பட்டு கையப் புடிச்சிக்க" என்று மட்டும் சொன்னேன். ஸ்டேஷன் வாசலில் துணி விரித்து உட்கார்ந்தோம். அத்தனையும் விற்றுப்போயிற்று. அரிசி மண்டி நாயக்கர் தம் மகளைக் கொடுத்திருந்த திருமழிசைச் சம்பந்தி வீட்டுக்கென்று பெரிய பானையும் பக்கத்தில் ராஜவேலுவின் மாடும் போட்டதாகப் பார்த்து வாங்கினார்.

போகிக்கு முன்னால் ஒரு காலையில் தபால்காரர் கோதண்டம் எங்கள் வாசலில் வந்து நின்றார். வலது கை வீங்கியிருந்தது. தபால் பையைக் கையால் தொடாமல் ஒரு குச்சியில் மாட்டி, பாம்பைத் தூக்கி வருவதுபோல எட்ட நீட்டிப் பிடித்திருந்தார்.

"இன்னாண்ணே ஆச்சு?" என்றேன்.

"இன்னா ஆச்சா? தபால் பொட்டியத் தொறந்தேன், கைய உட்டேன். அவ்ளோதான்! உங்க ஊட்டுப் பொங்கல்லாம் நடந்துகினு கீதும்மா!"

பையை எங்கள் வாசலில் கவிழ்த்தார். கடிதங்களைவிட எறும்பு அதிகம். கறுப்பு, சிவப்பு என்று ஜாதி வித்தியாசம் பார்க்காமல் எல்லாமும் வந்திருந்தன. "போஸ்ட்மாஸ்டர் காலைத் தூக்கி நாற்காலி மேல வச்சிகினு எழுதுறாரு. எறக்க மாட்டேங்கறாரு," என்றார்.

தெரு கூடிவிட்டது. அரிசி மண்டி நாயக்கரும் வந்து, "ஐயோ, சம்பந்தி ஊட்டுக்குப் போனதுலயுமா?" என்று தலையில் கை வைத்தார். எனக்கு நெல் குதிருக்குள் இறங்கி மூடியைப் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அவமானம்கூடப் பெரிதில்லை. இப்போதுதான் வாசலைத் தாண்டிய பிள்ளை இனி ஜென்மத்துக்கும் வெளியே வர மாட்டாளே என்றுதான் பயந்தேன்.

"பசங்களா, உள்ள போங்க," என்றேன்.

அலமேலு போகவில்லை. முன்னால் வந்து, "நாங்கதான் செஞ்சோம் மாமா. நாங்களே பொறுக்கித் தரோம்," என்று கடிதக் குவியல் பக்கத்தில் குந்தினாள். குனிந்த வேகத்தில் துண்டு அவிழ்ந்து விழுந்தது. விரல் நகத்தளவு முடி முளைத்திருந்த அந்தத் தலையைத் தெருவே பார்த்தது. நான் துண்டை எடுக்கப் பாய்ந்தேன். அதற்குள் ராஜவேலு அலறினான்.

"யக்கா! உன் தலைல எறும்பு ஏறுது!"

அவள் தலையைத் தடவிப் பார்த்தாள். "ஏறட்டும்டா. புடிச்சிக்க முடி ஏது? தானா வழுக்கி வுழும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஐப்பசிக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. கோதண்டம் வீங்கிய கையோடு சிரித்தார், நாயக்கர் சிரித்தார், "மொட்ட" என்று கத்திய பயலும் கூட்டத்தில் நின்று சிரித்தான். நான் மட்டும் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். எறும்பு கடித்துவிட்டது என்று நினைத்துப் பட்டு என் காலை ஊதிவிட்டாள்.

கடிதங்களைப் பாயில் பரப்பி, வெயிலில் காயவைத்து, வேப்பங்கொத்தால் தட்டினோம். தபால்காரரின் கை வீங்கியிருந்ததால், ஊருக்குள் கொடுக்க வேண்டியதை அலமேலு அவர் கூடவே போய்க் கொடுத்தாள். துண்டு வாசலிலேயே கிடந்தது. வீட்டுக்கு வீடு அவள் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது: "உதறிட்டுப் பிரிங்க! உதறிட்டுப் பிரிங்க!"

திருமழிசையில் நாயக்கரின் சம்பந்தி வீட்டார் பிரித்தபோது, பானையை எறும்பு முழுக்கத் தின்றுவிட்டிருந்ததாம். மாடு மட்டும் மிச்சம். 'நாய் படம் போட்டு எதற்குப் பொங்கல் வாழ்த்து?' என்று கேட்டார்களாம். தை பிறந்ததும் அலமேலு பள்ளிக்கூடம் போனாள். எங்கள் வாழ்த்து வியாபாரம் அந்த ஒரே பொங்கலோடு மூடப்பட்டது.

ஆனால் இன்றுவரை எங்கள் குடும்பத்தில் கடிதமோ பத்திரிகையோ எது வந்தாலும் யாரும் உதறாமல் பிரிப்பதில்லை. போன வருஷம் அலமேலுவின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அச்சடித்த பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து, மஞ்சள் தடவி, பக்தியோடு நீட்டினார்கள். அலமேலு இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம் தன்னையறியாமல் படபடவென்று இரண்டு உதறு உதறினாள்.

சம்பந்தியம்மாள் முகம் சுண்டிப்போயிற்று. "இன்னாங்க, பத்திரிகைல ஏதாவது கொறையா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், மீசை நரைத்த ராஜவேலு மூலையிலிருந்து சொன்னான்: "ஒண்ணுமில்லீங்க. மாடு உள்ள பத்திரமா கீதான்னு பாக்கறா."