ஒரு புள்ளியும் தள்ளண்ணையும்

ஆமணக்கெண்ணெய் கருகுகிற மணம் வந்தால் என் வயிறு பயப்படும், நெஞ்சு சிரிக்கும். வயிற்றின் பயம், சின்ன வயதில் பேதிக்குக் குடித்ததால். நெஞ்சின் சிரிப்பு, தள்ளண்ணையால். நேற்று ரெனான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பழைய பந்தய மோட்டார் சைக்கிளை உறுமவிட்டான். நீலப் புகை. அதே மணம். நான் ஏறவேண்டிய பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.

நின்றுபோன வாகனத்தைத் தள்ளாமல் கடந்து போகமுடியாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். அவர் தொண்ணூறுகளில், சுவிஸின் லோசான் நகரில், ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில், என் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவினார். சொந்தப் பெயரை அவரே மறந்திருக்கக்கூடும். எங்களுக்கு அவர் தள்ளண்ணை.

யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய நாட்களில் பிடித்த பழக்கம். அங்கே ஒரு வண்டி இருமி நின்றால் தெருவே இறங்கித் தள்ளும். லோசானோ மேலே ஏறுவதும் கீழே விழுவதுமாக, சரிவுகளாலேயே கட்டிய நகரம். தள்ளண்ணைக்கென்றே யாரோ சாய்த்து வைத்த ஊர்.

ஒருநாள் தேவாலய வாசலில் பூச்சுற்றிய கலியாணக் கார் ஒன்று நின்றது. தள்ளண்ணை காரணம் விசாரிக்கவில்லை. பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். மிச்சத்தைச் சரிவு பார்த்துக்கொண்டது. சாரதி விழித்துப் பிறேக்கை மிதிப்பதற்குள் மணப்பெண் அடுத்த சந்திக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை கோட்டுப் பறக்கப் பின்னால் ஓடினார்.

"ஸ்டார்ட் வந்ததோ?" வியர்வையைத் துடைத்துக்கொண்டு தள்ளண்ணை கேட்டார்.

"ஐயோ அண்ணை, அது பழுதில்லை. படம் எடுக்க நிண்டது!" என்றேன் நான்.

"எதுக்கு நிண்டாலும் நிண்டதுதானே!"

எங்கள் சமையலறைக்குப் பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவருகிற பையன் லூக். ஒரு பனிக்காலையில் அவனுடைய வான் வாசலிலேயே புதைந்துவிட, தள்ளண்ணை ஈர ஏப்ரனோடு ஓடிப்போய் அதைத் தள்ளி மீட்டார். அன்றிலிருந்து அவருக்கென்று தனியாக ஒரு சூடான பாண் வரும். வார இறுதிகளில் லூக் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரன். ஸ்பீட்வே என்கிற மண்தடப் பந்தயம். அந்தக் கோடையில், நாடுகளுக்கிடையிலான அணிப் போட்டியில், சுவிஸ் அணிக்குள் முதன்முதலாக அவனுக்கு இடம் கிடைத்தது. எங்கள் இருவருக்கும் டிக்கெட் கொண்டுவந்து கொடுத்தான்.

சுவிஸில் ஜெர்மன் பேசுகிற பகுதியில், ஒரு சிற்றூரில் போட்டி. மைதானத்துக்குள் காலெடுத்து வைத்ததுமே தள்ளண்ணை மூக்கைப் பொத்தினார்.

"தம்பி, ஆமணக்கெண்ணெய்! இவங்களுக்கும் பேதி குடுக்கிறவையோ?"

"என்ஜினுக்கு ஊத்திறதாம் அண்ணை."

"என்ஜினுக்கோ!" அந்த இயந்திரங்களை அவர் அளவிறந்த இரக்கத்தோடு பார்த்தார்.

இரண்டாவது அதிர்ச்சி, பக்கத்தில் கொடியோடு உட்கார்ந்திருந்த கிழவரிடமிருந்து வந்தது. அவருடைய ஜெர்மனை நான் பாதி பிடித்து, பாதி ஊகித்துச் சொன்னேன். "இந்தச் சைக்கிளுகளுக்குப் பிறேக் இல்லையாம்."

தள்ளண்ணை என் மணிக்கட்டைப் பிடித்தார். "தேய்ஞ்சு போச்சோ?"

"செய்யேக்கையே இல்லையாம்."

"லூக்கின்ர தாய்க்குத் தெரியுமோ?"

தொடக்கக் கோட்டில் வண்டிகளை மறித்திருந்த நாடாக்கள் மேலெழுந்தன. நான்கு வண்டிகள் சீறின. வளைவில் இடப்பக்கம் திரும்புவதற்குக் கைபிடியை வலப்பக்கம் முறித்தார்கள்; பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்க, மண் மழையாக எழுந்து எங்கள் தலையில், சொசேஜில், கிழவரின் பியரில் பொழிந்தது. சனம் கைதட்டியது. தள்ளண்ணை கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கால் பார்த்தார். "ஒருத்தரும் இவங்களை மறிக்க மாட்டினமோ?"

கணக்கு எளிது. ஒவ்வோர் ஓட்டத்திலும் நாட்டுக்கு ஒருவனாக நால்வர். முதல்வனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, மூன்றாமவனுக்கு ஒன்று, கடைசிக்கு வெறுங்கை. நான்கு நாடுகளில் கடைசியில் நிற்கிற நாடு வீட்டுக்குப் போகும். கடைசி ஓட்டத்துக்கு வந்தபோது, தப்புவதற்குச் சுவிஸுக்கு ஒரேயொரு புள்ளி வேண்டியிருந்தது. ஓட வந்தவன் மஞ்சள் ஹெல்மெட் போட்ட எங்கள் பாண்காரன்.

பாதி வழியில் எதிரி ஒருவனின் சங்கிலி அறுந்தது. அவன் தடத்தைவிட்டு ஒதுங்கினான். இனி லூக் முடித்தாலே போதும். கிழவர் கொடியை முத்தமிட்டார். கடைசி வளைவில், கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், லூக்கின் என்ஜின் ஒரு தும்மல் தும்மிச் செத்தது.

லூக் குதித்திறங்கினான். வண்டியைத் தள்ளத் தொடங்கினான். முழங்கால் மடிய, மண் வழுக்க, தனியே.

"தள்ளலாம்! கோட்டைத் தாண்டினால் புள்ளி!" கிழவர் கத்தினார். "வேறு யாரும் தொடக்கூடாது, அவ்வளவுதான்!"

இதைத் தள்ளண்ணைக்குச் சொல்லத் திரும்பினேன். இருக்கை காலி.

அவர் பலகை வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். "தம்பி, விடாதை! நான் வாறன்!"

"நோன்! நோன்!" வேண்டாமென்று லூக் அலறினான்.

"என்னட்டை என்ன சங்கடம்!" என்று தள்ளண்ணை தோளைக் கொடுத்தார். பகல் முழுவதும் எந்த வண்டியும் அவ்வளவு ஆசையோடு கோட்டைத் தாண்டியதில்லை.

கிழவரின் வாய் திறந்தபடியே நின்றது. கோபுரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மஞ்சள் ஹெல்மெட் விலக்கப்பட்டது என்பது அதன் பொருள்.

தள்ளண்ணை இரண்டு கையையும் தூக்கினார். "லைற் போட்டிட்டாங்கள்! வெண்டிட்டம்!"

அணி மேலாளர் தொப்பியைத் தரையில் அறைந்தார். நான் ஓடிப்போய்க் காதில் சொன்னேன். தள்ளண்ணையின் கைகள் மெல்லக் கீழே வந்தன. பிறகு ஆளும் கீழே வந்தார், மண்ணில், சம்மணம் போட்டு.

வான்கள் நிற்கிற இடத்தில் லூக்கைக் கண்டோம். முகம் முழுக்க மண். கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு சுத்தமான கோடுகள். மேலாளர் அவனோடு பேசாமல் போய்விட்டார். அடுத்த சுற்று இல்லை. அணியில் இனி அவனுக்கு இடம் உண்டா என்பதை யாரும் சொல்லவில்லை.

"அடிக்கிறதெண்டா அடிக்கட்டும் எண்டு சொல்லு," என்றார் தள்ளண்ணை. நான் பிரெஞ்சில் சொன்னேன்.

"ஏன் வந்தார் என்று கேள்," என்றான் லூக்.

கேட்டேன்.

"பெடியன் தனியத் தள்ளிக்கொண்டு வாறான். அதை எப்பிடி இருந்து பாக்கிறது?"

அதையும் மொழிபெயர்த்தேன். லூக் வானின் கதவில் நெற்றியை வைத்து நெடுநேரம் நின்றான். முதுகு குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. பிறகு திரும்பி, தள்ளண்ணையின் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான்.

"அடுத்த பந்தயத்துக்கும் இவரைக் கூட்டிக்கொண்டு வா," என்றான் என்னிடம். "வேலியோடு கட்டிவைக்க ஒரு கயிறும் கொண்டு வா." வானில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

தள்ளண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம் தம்பி?"

"வரட்டாம், அண்ணை."