செவ்வந்திப் பன்றியும் சேற்று டோக்கனும்

ஒரு காட்டில், காடு என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்கிறேன், மொத்தமே நாலு புளியமரம்தான் மிச்சம், செவ்வந்தி என்றொரு பன்றி இருந்தாள். பண்ணையிலிருந்து தப்பி வந்த வெள்ளைப் பன்றி. வெள்ளை என்று யாரும் பொறாமைப்பட வேண்டாம். அரைமணி நேர வெயிலுக்கே வெந்துபோகிற நிறம் அது. நாலு மரத்து நிழலும் சிங்கராஜாவுக்கும் அவர் மச்சினன்மார்களுக்கும் போய்விட்டதால், செவ்வந்திக்குக் கிடைத்தது சித்திரை வெயில் மட்டும்தான்.

காது எரிகிறது, முதுகு எரிகிறது என்று கரடி வைத்தியரிடம் போனாள். அவர் எட்ட நின்றே பார்த்தார்.

"காலைல பத்து மணிலேர்ந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் வெயில்ல தலை காட்டக் கூடாது. காது, மூக்கு, முதுகு ஒண்ணு விடாம கெட்டியா சேறு பூசணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசணும். இப்படியே விட்டா நீ இந்தக் கோடையைத் தாண்ட மாட்டே."

முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் குளத்தில் இறங்கிப் புரளலாம். சென்ற வருடம் ராஜா அதற்கு 'அரச தோல் காப்புத் திட்டம்' என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த மறுநாளே முள்வேலி வந்தது. டோக்கன் இருந்தால்தான் சேறு. டோக்கன் தருகிறவர் குழந்தைசாமி என்கிற எருமை. அவருடைய அலுவலகமே குளத்துக்குள்தான். கழுத்துவரை சேற்றில் அமர்ந்து, கொம்பில் படிவங்களைக் குத்தி வைத்துக்கொண்டு பணியாற்றுவார். அலுவலக நேரம் காலை பத்து முதல் மாலை நாலு. வரிசை நிற்க வேண்டிய இடம் வேலிக்கு வெளியே இருந்த மொட்டைப் பாறை. சிரிக்காதீர்கள், நீங்களும் நின்றிருக்கிறீர்கள்.

முதல் நாள் செவ்வந்தியைப் பார்த்ததுமே குழந்தைசாமி முகம் சுளித்தார்.

"என்னம்மா, மேல சேறு?"

"வெயில் தாங்கலைங்க ஐயா. வழியில ஒரு குட்டைல மிச்சமிருந்த கொஞ்சத்தையும் வழிச்சுப் பூசிக்கிட்டேன்."

"சேறு இருக்கறவங்களுக்குச் சேறு கிடையாது. கழுவிட்டு நாளைக்கு வாங்க."

இரண்டாம் நாள் கழுவிக்கொண்டு போனாள்.

"செவந்துதானே இருக்கு? கொப்புளம் இருந்தாத்தான் பாதிப்புன்னு படிவத்துல போட்டிருக்கு."

"கொப்புளம் வரக் கூடாதுன்னுதானே ஐயா சேறு கேக்கறேன்?"

"வராதவங்களுக்கெல்லாம் கொடுத்துட்டா, வந்தவங்க என்னைச் சும்மா விடுவாங்களா?"

மூன்றாம் நாள் மத்தியானம், வரிசையிலேயே கொப்புளம் வந்தது. வலியில் கத்த வேண்டியவள், "வந்திருச்சு, வந்திருச்சு" என்று பூரித்துப்போனாள். எனக்கு இங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது. ஓர் உயிரை இந்தக் கதிக்குக் கொண்டுவர எத்தனை பேர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்! அவள் முறை வந்தபோது மணி நாலு. குழந்தைசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

நான்காம் நாள் காலையில் முதுகுத்தோல் ஒரே துண்டாகக் கழன்று விழுந்தது. கொப்புளம் மொத்தமும் அதில் இருந்ததால், அதை வாயில் கவ்விக்கொண்டு போய்ப் பாறைமேல் நின்று அழுதாள்.

"தங்கச்சி, ஏன் அழறே? இப்படி நிழலுக்கு வா" என்று பாறை இடுக்கிலிருந்து ஒரு குரல். மாசிலாமணி என்கிற சாரைப்பாம்பு.

"வந்தா வரிசை போயிருமே அண்ணே."

"யாரு நிக்கறா வரிசைல? ஆறாவதா கிடக்குது பாரு, அது நான் உரிச்சுப் போட்ட சட்டை. என் முறை வந்தா நான் போவேன்."

அப்போதுதான் செவ்வந்தி சரியாகப் பார்த்தாள். முன்னால் முள்ளம்பன்றி இல்லை, ஒரு முள் கிடந்தது. மயில் இல்லை, ஓர் இறகு கிடந்தது. ஆளுக்குப் பதில் எதையாவது போட்டு இடம்பிடிப்பது அந்தக் காட்டு வழக்கம். பண்ணையில் வரிசை ஏது, தொட்டிதான். அதனால் மூன்று நாளாக அதையெல்லாம் குப்பை என்று நினைத்து, குழந்தைசாமி கூப்பிடும்வரை இவள் ஒருத்தி மட்டும் நின்றிருக்கிறாள்.

தோலைப் பாறைமேல் விரித்துவிட்டு இடுக்குக்குள் நுழைந்தாள். நாலு நாளில் முதல்முறையாக உடம்பு எரியவில்லை. பாவம், தூங்கிவிட்டாள். மாசிலாமணி தன் முறைக்கு ஓடிப்போய் டோக்கன் வாங்கிக்கொண்டு குளத்தில் இறங்கினார். இவளை எழுப்ப மறந்துவிட்டார்.

குழந்தைசாமி அடுத்ததாகத் தோலை ஆராய்ந்தார். சேறு இல்லை. கொப்புளம் பதினாறு. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படியொரு விண்ணப்பதாரரை அவர் தம் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. உடனே முத்திரை குத்தினார். காவல் செந்நாய்கள் இரண்டு தோலைப் பத்திரமாகத் தூக்கிப்போய்க் குளத்து நடுவில் கிடத்தி, மேலே குளுகுளுவென்று சேறு பூசின.

செவ்வந்தி விழித்துப் பார்த்துப் பதறி ஓடிவந்தாள்.

"ஐயா! அது என்னோட தோலுங்க! டோக்கன் எனக்குங்க!"

குழந்தைசாமி அவள் முதுகைப் பார்த்தார். பிறந்த குட்டியின் தோல்போல இளஞ்சிவப்பாக, மெல்லிசாக இருந்தது.

"உங்களுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லையேம்மா."

"எல்லாம் அதுல போயிருச்சுங்க."

"அதான் அதுக்குக் கொடுத்தாச்சு. திட்டத்தோட பேரைப் படிங்க. தோல் காப்புத் திட்டம். தோலைக் காப்பாத்தியாச்சு. உங்களைப் பத்தி அதுல ஒரு வரிகூட இல்ல."

இன்றைக்கும் அந்தத் தோல் குளத்தில் நிம்மதியாகக் கிடக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை செந்நாய்கள் தவறாமல் சேறு பூசுகின்றன. முழுப் பலன் பெற்ற முதல் பயனாளி என்று சிங்கராஜா நேரில் வந்து மாலை போட்டுவிட்டுப் போனார்.

செவ்வந்தி வேலிக்கு வெளியே, உச்சிவெயிலில், புது முதுகைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு, சீக்கிரம் ஒரு கொப்புளம் வரவேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு நிற்கிறாள்.

நீதி: வெயிலிலிருந்து தோலைக் காப்பது மிகவும் எளிது, அதற்குள் நீங்கள் இல்லாமல் இருந்தால் போதும்.