தொட்டி ஏன் வழிந்தது

"இன்னொரு வாளி தாரும்!" என்று கூரைக்குள் இருந்து யேசுரட்ணம் கத்தினார்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி யோகமலர், வீட்டில் இருந்த ஐந்து வாளிகளும் ஏற்கெனவே மேலேதான் இருக்கின்றன என்று சொல்லவில்லை. சோற்றுப் பானையை எடுத்து நீட்டினாள்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம். விக்டோரியா மகாராணி பிறந்ததை முன்னிட்டுத் திங்கட்கிழமை வரை ரொறன்ரோ முழுக்க லீவு. குழாய் வேலைக்காரர் எவரும் போனை எடுக்கவில்லை. தொட்டிக்கு மட்டும் லீவில்லை. சனிக்கிழமை காலையில் வழியத் தொடங்கியது, ஞாயிறு பூசை முடிந்து வந்தும் வழிந்துகொண்டிருந்தது.

வீடு பழசு. பேஸ்மன்றில் ஒரு போயிலர் தண்ணீரைச் சுடவைக்கும். அந்தத் தண்ணீர் குழாய்வழி ஏறி, அறைக்கு அறை நிற்கும் இரும்பு றேடியேற்றர்களைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வரும். சூட்டில் பெருக்கிற தண்ணீருக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டாமா? அதற்குத்தான் கூரைக்குள் அந்தத் தகரத் தொட்டி. அதற்குக் கனடாவைவிட நாலு வயது கூட என்பது சீமோனின் கணிப்பு.

சீமோன் யேசுரட்ணத்தின் பள்ளித் தோழர். ஐந்து மாதமாக ஒவ்வொரு பின்னேரமும் குசினி மேசையில் உப்புப் போத்தலை ஆனையிறவாகவும் மிளகாய்த்தூள் டப்பாவைப் புதுக்குடியிருப்பாகவும் வைத்து, ஊரில் தோற்றுக்கொண்டிருந்த யுத்தத்தை ரொறன்ரோவில் வென்றுகொண்டிருந்தவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு தொட்டி எம்மாத்திரம்?

யேசுரட்ணத்தின் கவலை தொட்டியல்ல, போன். கழுத்தில் கயிறு கட்டி அதைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் ஏணி ஏறினார். அவருடைய ஒரே தங்கச்சி அருள்நாயகி வன்னியில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே மிஞ்சிக் கிடந்த மணல் துண்டில் இருந்தாள். மார்ச்சில் ஒருமுறை எடுத்து, "திரும்ப எடுப்பன் அண்ணை, போனடியிலேயே நில்லுங்கோ" என்றாள். அன்று தொட்டு மனிதர் போனடியில்தான் நின்றார். குளிக்கும்போதும் பொலித்தீன் பையில் சுற்றிச் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். மிச்ச நேரமெல்லாம் கொம்பியூற்றரின் முன்னால். அதில் வரும் படங்களில் கிடக்கிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பெருப்பித்துப் பார்ப்பார். இல்லையென்று கண்டதும் அடுத்த படம்.

சனிக்கிழமை அந்தக் கொம்பியூற்றருக்கு மேலேயும் சொட்டத் தொடங்கியதால், யோகமலர் வயரைக் கழற்றிப் பெட்டியைத் துணியால் மூடிவிட்டாள்.

"ஏன்ரா வழியுது?" என்று கேட்டார் யேசுரட்ணம்.

"வழியேல்லை," என்றார் சீமோன். "பின்வாங்குது. சூடு கூடினா தண்ணி பெருக்கும். சூட்டை நிப்பாட்டு, தன்ர பாட்டில அடங்கும்."

போயிலரை நிறுத்தினார்கள். வீடு விறைத்தது. யோகமலர் கட்டி வைத்திருந்த குளிர்க் கோட்டுகளை மறுபடி இறக்கினாள். சுடுதண்ணீர் வழிந்த இடத்தில் இப்போது பச்சைத் தண்ணீர் வழிந்தது.

"ஆறினாப் பிறகும் வழியுதேடா?"

"அப்ப வெளிய போற பைப்பை அடை."

"அடைச்சா தண்ணி எங்க போறது?"

"போகேலாது. அதுதானே திட்டம்."

யேசுரட்ணம் தன் பழைய காற்சட்டை ஒன்றை அந்தக் குழாய்க்குள் திணித்தார். தண்ணீர் சற்று யோசித்துவிட்டு, தொட்டியின் நாலு பக்கத்தாலும் இறங்கியது. கீழே படுக்கையறைச் சீலிங் எட்டு மாத வயிறு போலத் தொங்கியது.

சீமோன் நிமிர்ந்து பார்த்தார். "பயப்பிடாதை. உள்ளுக்கு வர விட்டுத்தான் அடிக்கிறது."

சொல்லிவிட்டு விளக்குமாற்றுத் தடியால் குத்தினார். சீலிங் பதறாமல், முழுதாக, ஒரு மரியாதையோடு கட்டிலில் இறங்கியது. சீமோன் அதற்குள்ளிருந்து வெள்ளையாக எழும்பினார்.

யோகமலர் ஒரு சொல் ஏசவில்லை. முப்பது வருசக் கலியாணத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை உடைந்தால் மூன்று நாள் கதைக்காத மனுசி. "பறவாயில்லை, மேல போய்ப் பாருங்கோ, இன்னும் சொட்டுது" என்றாள்.

"கீழ ஸப்ரியை ஒருக்கால் கேட்டா என்ன?" என்றார் யேசுரட்ணம்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஸப்ரி பேஸ்மன்றில் வாடகைக்கு இருப்பவன். அவனுடைய உத்தியோகமே போயிலர் திருத்துவது. ஸ்காபரோவில் பாதி வீடுகளுக்குக் குளிர்காலம் முழுக்கச் சூடு கொடுத்தவன் இவர்களுடைய காலுக்குக் கீழேதான் படுத்திருந்தான்.

"உவனிட்டையோ?" என்று சீமோன் துள்ளினார். மார்ச்சில் ஒருநாள் சீமோன் மிளகாய்த்தூள் டப்பாவைப் பின்னுக்கு நகர்த்தி, மக்களும் கூடவே நகர்வதன் அவசியத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற ஸப்ரி சொன்னான்: "தொண்ணூறில யாழ்ப்பாணத்தில முஸ்லிம் ஆக்கள் எங்களை இயக்கம் ரெண்டு மணித்தியாலத்தில வெளிக்கிடச் சொன்ன அண்டைக்கும் இப்பிடி ஒருத்தர் வடிவா விளக்கம் தந்தவர், அண்ணை." அதன்பிறகு சீமோன் அவனோடு கதைப்பதில்லை.

"அந்த மனுசன் ஆறு நாளும் வேலைக்கு ஓடுது. லீவு நாளிலயாவது கிடக்கட்டும், விடுங்கோ" என்றாள் யோகமலர்.

சீமோனும் யோகமலரும் ஒத்துப்போன முதல் விசயம் அது.

ஆகவே சீமோன் றேடியேற்றரின் திருகாணியைக் கழற்றித் தண்ணீரைக் குறைப்பதென்று முடிவெடுத்தார். எத்தனையோ வருசமாக இரும்புக்குள் ஊறிய கறுப்புத் தண்ணீர் பீறிட்டு, சுவரையும் கார்ப்பெற்றையும் சீமோன் பூசைக்குப் போட்டுவந்த சேட்டையும் நனைத்தது. ஆனால் மேலே தொட்டி நின்றுவிட்டது!

"பாத்தியா?" என்று கறுப்பு முகத்துக்குள்ளால் பல்லைக் காட்டினார் சீமோன். "எல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்யிறது."

யோகமலர் ஊத்தை உடுப்புகளை அள்ளிக்கொண்டு தோய்க்கக் கீழே போனாள். அவள் திரும்பி வந்து ஒரு மணித்தியாலத்தில் தொட்டி முந்தியதைவிட மூர்க்கமாக வழிந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் சீமோன் வந்தார். உப்புப் போத்தலைத் தொடவில்லை. கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். வெளியே பக்கத்து வீட்டார் மகாராணிக்காக வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் யோகமலரின் தோள் குலுங்கியது.

"எல்லாம் முடிஞ்சுதெண்டு சொல்லுறாங்கள்" என்றார் சீமோன் கடைசியில். பிறகு, "ஒண்டையும் நம்பாதை, இது ஒரு தந்திரம்" என்றார். தொட்டியைப் பற்றி யாரும் அவரைக் கேட்கவில்லை. எழும்பிப் போய்விட்டார்.

யேசுரட்ணம் மறுபடி ஏணியில் ஏறினார். முடிந்ததென்றால் இனிச் சண்டையில்லை, சண்டையில்லையென்றால் ஆக்கள் வெளியே வருவார்கள், வந்தால் முதலில் போன்தான் எடுப்பார்கள். இந்தக் கணக்கைப் போட்டபடி, பேணியால் தண்ணீரை அள்ளக் குனிந்தார். மூன்று நாளாக ஊறிய கயிறு அறுந்தது. போன் தொட்டிக்குள் போனது.

தோள் வரைக்கும் கையை விட்டார். எட்டவில்லை. தலையையும் விட்டார். இரும்புக் கறள் தண்ணீருக்குள் துழாவி, எடுத்து, காதில் வைத்துப் பார்த்தார். உள்ளே தண்ணீர் மட்டும் களக்களக்கென்றது.

ஏணியால் இறங்கினார்.

"எங்க போறியள்?"

"ஸப்ரியிட்டை."

"இஞ்சாருங்கோ, நில்லுங்கோ! நான் ஒண்டு சொல்லவேணும்..."

அவர் நிற்கவில்லை. இனித் தங்கச்சி எடுத்தாலும் யாருக்குக் கேட்கப்போகிறது? இரண்டு மாடிப் படிகளையும் நனைத்துக்கொண்டு இறங்கி, போயிலருக்குப் பக்கத்தில் இருந்த கதவைத் தட்டினார்.

ஸப்ரி கதவைத் திறந்தான். யேசுரட்ணத்தின் கண்கள் கறளில் சிவந்திருந்தன. தலையில் இருந்து கன்னத்தால் தண்ணீர் ஓடி நாடியில் சொட்டியது. கையில் செத்த போன். வாயைத் திறந்தார், குளிரில் பல் அடித்ததே தவிரச் சத்தம் வரவில்லை.

ஸப்ரி அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு அந்த ஈரக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துப் பொத்திக்கொண்டான்.

"அக்கா சொல்லிப்போட்டா போல, அண்ணை. தங்கச்சி போயிட்டா எண்ட செய்தி வந்த சனிக்கிழமையில இருந்து, நீங்கள் ஏணியை விட்டு இறங்கி அதைப் பாக்கக்கூடாதெண்டு, அவதான் வந்து வந்து போயிலருக்குத் தண்ணி விடுற இந்தப் பைப்பைத் திறந்துவிட்டவ. இனி நான் பூட்டலாம்தானே?"