யானையார் பாதமும் மூக்காயியின் மெழுகும்

ஒரு காட்டில், சேம்பு மண்டிக் கிடந்த ஓடைக்கரைப் புற்றொன்றில், மூக்காயி என்று ஒரு கட்டெறும்பு இருந்தாள். வருசா வருசம் ஐப்பசி மழைக்கு அந்தப் புற்றுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். போன வருசம் மட்டும் நானூறு முட்டை மிதந்து போனது. ராணி மறுபடி முட்டையிடுவாள், மற்றவர்கள் மறுபடி சுமப்பார்கள், அவ்வளவுதான். மூக்காயிக்கு அப்படி விட்டுவிட மனசில்லை.

சேம்பு இலையில் மட்டும் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுகிறதே என்று நாள்கணக்காக அதன்மேலே ஊர்ந்து பார்த்தாள். இலை முழுக்கப் பொடிப்பொடி மேடு. மேட்டுக்கு மேலே மெழுகு இழை. ஒரு தலைமயிரை ஆயிரமாகக் கிழித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் அதன் தடிமன். அந்த அளவுச் சமாசாரத்துக்குப் படித்தவர்கள் நானோ என்று பேர் வைத்திருந்தார்கள். மூக்காயி அந்த மெழுகைச் சுரண்டி ஒரு மண்கட்டியில் பூசி, தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். கட்டி நனையவே இல்லை.

அப்புறமென்ன, புற்றிலும் பூச வேண்டியதுதானே என்பீர்கள். அந்தக் காட்டில் அது நடக்காது. முன்பு ஒரு குரங்கு, புது வகைப் பூச்சு என்று சொல்லிக் கிளை கிளையாகப் பிசினைத் தடவிவைக்க, கிளிக்கூட்டம் மொத்தமும் இரண்டு நாள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அன்றைக்கு வனசபை சட்டம் போட்டது: ‘நானோ வனம்’ மாத இதழில் அச்சேறாத எதையும் எவர் வீட்டிலும் பூசக் கூடாது. பூசினால் குடும்பத்தோடு காட்டை விட்டு வெளியே.

சித்திரையில் மூக்காயி கட்டுரையைச் சுமந்துகொண்டு இதழ் ஆபீசுக்குப் போனாள். ஆசிரியர் ஒரு கழுதை.

“எங்கள் தரம் தெரியுமா அம்மா? நூறு கட்டுரை வந்தால் தொண்ணூற்றெட்டைத் தின்றுவிடுவோம்,” என்றார் மென்றுகொண்டே.

“மிச்சம் ரெண்டும் நல்ல கட்டுரையா இருக்குமா ஐயா?”

“அதற்குள் வயிறு நிறைந்திருக்கும்.”

எந்தக் கட்டுரையையும் இரண்டு அறிஞர்கள் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். பார்த்தது யார் என்று எழுதியவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. ஆடியில் பதில் வந்தது. முதல் பரிசோதகர் தாளில் பேர் இல்லை. முறம் அகலத்துக்கு ஒரு காலடி மட்டும் இருந்தது. ‘படத்தில் ஒன்றும் தென்படவில்லை. பெரிதாக்கி அனுப்பவும்.’ இரண்டாமவரும் பேர் போடவில்லை. ‘உடும்பு எழுதிய அருமையான பதினோரு கட்டுரைகளை இவர் படிக்காதது வருத்தமளிக்கிறது’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

மூக்காயி ஒரு மாதம் சோறு தண்ணி மறந்து தேக்கிலை தேக்கிலையாகப் படம் வரைந்தாள். உடும்பின் பதினோரு கட்டுரையும் சுவர் ஏறுவது பற்றியது. அதையும் எங்கெங்கோ செருகினாள். ஆவணிக் கடைசியில் அதே காலடியோடு பதில்: ‘இப்போது படம் நன்றாகத் தெரிகிறது. இவ்வளவு பெரிய பொருள் எப்படி நானோ ஆகும்? நிராகரிக்கலாம்.’ அது வந்து சேருவதற்குள் கழுதையார் கட்டுரையில் முன்பாதியை முடித்திருந்தார்.

மூக்காயி வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். புற்றின் கீழறையில் இந்த வருசம் ஐந்நூறு முட்டை. அந்தப் பக்கமாக உருண்டையை உருட்டிக்கொண்டு வந்தான் பேச்சிமுத்து என்கிற சாணவண்டு. அதே இதழில் அவன் பேரில் நாற்பது கட்டுரை வந்திருந்தது. நாற்பதும் அந்த ஓர் உருண்டையைப் பற்றித்தான்.

“ஒரே உருண்டைக்கு நாற்பதாடா?”

“ஈரமா இருக்கையில ஒண்ணு, காஞ்சப்புறம் ஒண்ணு, இந்தப் பக்கத்துக்கு ஒண்ணு, அந்தப் பக்கத்துக்கு ஒண்ணு. உருட்ட உருட்ட வந்துக்கிட்டே இருக்கும் மூக்காயக்கா.”

“எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். மழைக்கு முன்னால வரணும்.”

“அப்ப மெழுகை ஏன் எழுதுற? கட்டுரையைப் பார்க்கிறவரோட காலைப் பத்தி எழுது. மெழுகை அடிக்குறிப்புல போடு. அச்சுல எங்க இருந்தாலும் சட்டத்துக்குச் சரிதான.”

மூக்காயிக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கீழறையை எட்டிப் பார்த்தாள். கூச்சம் போய்விட்டது.

‘யானையாரின் திருப்பாதம் பதிந்த மண்ணில் நீர் ஒட்டாமை: ஒரு நானோ ஆய்வு’ என்று தலைப்பு வைத்தாள். மெழுகு பூசும் முறை பதினெட்டாம் அடிக்குறிப்பில் போனது. காலையில் அனுப்பினாள். மத்தியானமே ஏற்றுக்கொண்டார்கள். ‘படம் தேவையில்லை, விஷயம் தெளிவு’ என்றது காலடி. தன் பேரையும் கூடப் போட்டால் ஆட்சேபம் இல்லை என்று உடும்பு சொல்லியனுப்பியது. புரட்டாசி இதழில், அட்டையில் யானையார் ஒரு காலைத் தூக்கி நின்றார்.

எறும்புகள் மெழுகு சுரண்டத் தொடங்கி மூன்று நாள்கூட ஆகவில்லை. வனசபையில் அட்டையை மட்டும் படித்தவர்கள் ஆணை போட்டுவிட்டார்கள்: மழைக்கு முன் எல்லாப் புற்றிலும் யானையார் பாதம் பதிக்கப்படும். ஆராய்ந்தவரைக் கௌரவிக்கும் விதமாக, முதலில் மூக்காயி புற்று.

யானையார் மாலையோடு வந்து நின்றார்.

“ஐயா, பதினெட்டாம் அடிக்குறிப்பைக் கொஞ்சம் பாருங்க,” என்று கெஞ்சினாள் மூக்காயி.

யானையார் குனிந்து பார்த்தார். “எங்கே அம்மா? ஒன்றுமில்லையே. நீ எழுதியதுதானே, ஏன் பயப்படுகிறாய்?”

நல்லவேளையாக, காக்கை செல்போனில் படம் எடுக்க வேண்டும் என்றது. மாலையைச் சரிசெய்தார்கள், உடும்பு நடுவில் வந்து நின்றது, மறுபடி எடுத்தார்கள். அந்த நேரத்தில் எறும்புகள் முட்டையைக் கவ்விக்கொண்டு மருதமரத்துப் பொந்துக்கு ஓடின. முந்நூற்று நாற்பது போய்ச் சேர்ந்தது. பிறகு கால் இறங்கியது.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. சபை அறிக்கை வெளியிட்டது: ‘பாதம் பதித்த இருநூறு புற்றில் ஒன்றில்கூட நீர் புகவில்லை.’ பொய்யில்லை. புகுவதற்குப் புற்றே இல்லை.

பொந்தில் இருந்த மூக்காயிக்குக் கடிதம் வந்தது. ஆண்டின் சிறந்த கட்டுரை அவளுடையதுதானாம். அடுத்த பாதச் சோதனைக்கு எந்த இடம் தோது என்று அவளையே கேட்டிருந்தார்கள். மூக்காயி ரொம்ப யோசிக்கவில்லை. இதழ் ஆபீசின் விலாசத்தை எழுதி அனுப்பினாள்.

நீதி: ஆராய்ச்சிக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புகிறவர்கள், முட்டைகளை முதலில் மரத்தில் ஏற்றிவிட வேண்டும்.