அமெரிக்காவுக்கு நேரே ஒரு புள்ளிக்கோடு

அமெரிக்காவில் யார் ஜெயித்து வந்தாலும் சரி, சிவகாசியில் ஒரு மனிதர் பார்த்து டிக் போடும்வரை அந்தப் பதவி செல்லாது. இது அமெரிக்கர்களுக்குத் தெரியாது. எங்கள் அச்சாபீஸில் தெரியாதவர் கிடையாது.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. நாங்கள் கூப்பிட்டது ‘வெளியுறவு அண்ணாச்சி’ என்று. வேலை, புரூஃப் பார்ப்பது. டைரியின் முன்பக்கங்களில் நாடு, தலைநகர், நாணயம், தலைவர் என்று பொடி எழுத்தில் ஒரு பக்கம் வருமே, உலகத்தில் யாரும் படிக்காத பக்கம், அதுதான் அவருடைய ராஜ்யம். அந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது நான். ஏழு வருஷம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய வெளியுறவுக் கொள்கையைக் காதில் வாங்கியிருக்கிறேன். அவர் நேரில் பார்த்த தூரதேசம் விருதுநகர் ஜங்ஷன். அங்கே மச்சினருக்கு மிளகாய் வத்தல் மண்டி. போன அன்றே தும்மிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். ஆனால் மங்கோலியாவின் நாணயம் என்னவென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

டைரித் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. ஜனவரியில் கைக்குப் போகிற டைரி செப்டம்பரிலேயே அச்சேறிவிடும். ஆகவே செப்டம்பர் முதல் டிசம்பர் வரை எந்த நாட்டுத் தலைவரும் ராஜினாமா செய்யக்கூடாது, தோற்கக்கூடாது, முடிந்தால் சாகவும் கூடாது என்பது அண்ணாச்சியின் கொள்கை. இதைக் கொஞ்சமும் மதிக்காத தேசம் ஜப்பான்.

ஒரு செப்டம்பரில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, கையில் பேப்பரோடு பாய்ந்து வந்தார்.

“நிறுத்துலே மிஷினை! ஜப்பான்ல ஆளு போயிட்டாரு!”

மிஷின்காரர் பதறிப்போய் நிறுத்தினார். “யாரு அண்ணாச்சி, சொந்தக்காரகளா?”

“பிரதமர்லே! ராஜினாமா பண்ணிட்டாராம்.”

“அதுக்கு? நானா அங்கன போயி உக்கார முடியும்?”

அன்று அண்ணாச்சி மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. மறுநாள் ஜப்பான் தூதரகத்துக்கு ஒரு கடிதம் சொல்ல, நான் இங்கிலீஷில் அடித்தேன். இனிமேல் ஆட்சி மாற்றங்களைத் தயவுசெய்து ஆகஸ்ட் மாதத்துக்குள் முடித்துக்கொள்ளவும் என்பதுதான் விஷயம். “‘தயவுசெய்து’வை முன்னாடி போடு தாயி. அவுக மரியாதை பாக்குற ஆளுக” என்றார். பதில் வரவில்லை. அடுத்த செப்டம்பரிலும் அங்கே பிரதமர் மாறினார். அந்தத் தடவை பக்கத்தைக் கடைசி வாரம்வரை அச்சுக்கு விடாமல் பிடித்து வைத்து, புதுப் பெயரைச் சேர்த்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அது இரண்டாயிரத்து எட்டு. ஜப்பானைச் சமாளித்தவருக்கு அமெரிக்கா முட்டுக்கட்டை போட்டது. அங்கே தேர்தல் நவம்பரில். பழைய அதிபர் பெயரையே போட்டுவிடச் சொன்னார் முதலாளி.

“ஜனவரியில எறங்கிப் போற ஆளை வருசம் பூரா உக்கார வைக்கச் சொல்றீகளா? தெரிஞ்சே ஒரு பிழையை விட மாட்டேன் முதலாளி. என்னைய வீட்டுக்கு வேணா அனுப்புங்க.”

கடைசியில் அமெரிக்காவுக்கு நேரே தலைவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளிக்கோடு போட்டோம். வாங்குகிறவர்களே பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.

அந்த டைரி பெங்களூரில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் ஆர்டர். தாள்கள் அச்சாகி, மடித்து, பைண்டிங் பிரிவில் ஆள் உயரத்துக்கு அடுக்கியாகிவிட்டது. தைத்து அட்டை போடுவதுதான் பாக்கி. தீபாவளி முடிந்த வாரம் போன் வந்தது. அமெரிக்காவில் பாங்குகள் விழுகின்றன, எங்களுக்கு டைரி வேண்டாம் என்று. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தக் கம்பெனியின் பெயர் இருந்ததால் வேறு யாருக்கும் தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவில் பாங்கு கவிழ்ந்தால் சிவகாசியில் பசைச்சட்டி காய்ந்துபோகும் என்று எந்த நிபுணரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

பைண்டிங்கில் பதினோரு பெண்கள். வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட முதலாளி தயாராக இருந்தார். நல்லவேளையாக அதே வாரம் விஸ்வநத்தம் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் ஆள் எடுத்தார்கள். வேன் எங்கள் வாசலுக்கே வந்து நின்றது. பதினோரு பேரும் ஏறியிருப்பார்கள். குறுக்கே போய் நின்றவர் அண்ணாச்சி.

“யாரும் போகாதீக! பதினஞ்சாந் தேதி வாஷிங்டன்ல இருபது பெரிய நாட்டுத் தலைவருகளும் கூடுறாக. இதைச் சரிபண்ணத்தான் கூடுறாக. நம்ம ஆர்டர் திரும்பி வந்துரும்.”

பைண்டிங்கில் மூத்தவர் முத்துமாரி அக்கா. வாய் கொஞ்சம் நீளம். “அவுகளுக்கு நம்ம டைரி சங்கதி தெரியுமா அண்ணாச்சி?”

“டைரி இல்லாத தலைவர் உண்டாம்மா? எதுவா இருந்தாலும் ஜனவரி பொறக்கதுக்குள்ள முடிக்கணும்னு அவுகளுக்குத் தெரியாதா?”

முதலாளியிடமும் போய் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார். அத்தனை வருஷத்தில் தெரிந்து ஒரு பிழை விடாத மனிதர் சொல்கிறாரே என்று முதலாளி பொறுத்தார். வேன் வேறு தெருவில் ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நானும் நம்பினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது, ஆனால் அன்றைக்கு நம்புவதற்கு எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

அந்த இரண்டு வாரமும் பைண்டிங் மேஜை கல்யாண வீடு மாதிரி இருந்தது. அண்ணாச்சி தினமும் பேப்பரைப் பார்த்து யார் யார் வருகிறார்கள் என்று சொல்வார்.

“சவுதி ராசா வர்றாகளா?”

“வர்றாக.”

“அமெரிக்காவுல புதுசா ஜெயிச்சவரு?”

அண்ணாச்சி பேப்பரை மடித்தார். “அவரு வரலை. போகப்போற ஆளுதான் கூட்டுறாரு.”

“மாப்பிள்ளை வராத நிச்சயதார்த்தமா?” என்றார் முத்துமாரி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியின் முகத்தில் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தேன்.

மாநாடு முடிந்த திங்கட்கிழமை காலை, தலைவர்கள் வரிசையாக நின்ற படத்தோடு பேப்பர் வந்தது. மேஜையில் விரித்து, பக்கத்திலேயே தன் டைரிப் பக்கத்தையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகமாக டிக் போட்டார் அண்ணாச்சி.

“ஒரு பிழை இல்ல தாயி! ஜப்பான்கூடச் சரி!”

பெண்கள் கைதட்டினார்கள். முத்துமாரி அக்கா மட்டும் கேட்டார். “படம் சரி அண்ணாச்சி. என்ன முடிவு பண்ணுனாக?”

அண்ணாச்சி படிக்க ஆரம்பித்தார். ஒத்துழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆராய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வலியுறுத்தியும் இருக்கிறார்கள். கடைசியில், ஏப்ரல் முடிவதற்குள் மறுபடியும் கூடிப் பேசுவது என்று முடிவு.

அந்த வரியை அவர் திரும்பப் படித்தார். புரூஃப் பார்ப்பது போல விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். எங்காவது அச்சுப்பிழை இருக்காதா என்று அந்த மனிதர் தேடியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

“ஏப்ரல்ல எவன் தாயி டைரி வாங்குவான்?” என்றார்.

சனிக்கிழமையோடு பைண்டிங்கை நிறுத்துவதாக முதலாளி சொல்லிவிட்டார். தீப்பெட்டி ஆபீஸில் விசாரித்தால் இடம் நிரம்பிவிட்டதாம். அச்சான தாள்கள் வெடிக்குக் குழாய் சுருட்ட விஸ்வநத்தத்துக்கு லோடாகப் போயின. இருபது நாட்டுத் தலைவர்களும் அதில்தான் போனார்கள். அண்ணாச்சி அந்த வாரம் முழுக்க எந்தத் தேசத்தைப் பற்றியும் பேசவில்லை. ஒருமுறை மட்டும், “வேனை மறிச்சது நான்தான் தாயி” என்றார். நான் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பெண்களுக்கு ஆளுக்கொரு டைரி கொடுத்தார். முதலாளியிடம் கேட்டு எடுத்து வைத்த தாள்களைத் தானே தைத்து ஒட்டியிருந்தார். அட்டைகள் எல்லாம் கோணல். முத்துமாரி அக்கா தன் டைரியின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, “பசை இம்புட்டா போடுவாக?” என்றார். பிறகு தலைவர்கள் பக்கத்தைத் திறந்து, “இங்கன பேனாவால என்னமோ எழுதியிருக்காகளே, என்னனு பாரு தாயி” என்று என்னிடம் நீட்டினார்.

அமெரிக்கா. தலைநகர் வாஷிங்டன். நாணயம் டாலர். தலைவர் என்ற இடத்தில், புள்ளிக்கோட்டின் மேல், குண்டு குண்டான எழுத்தில் முத்துமாரி.

“அக்கா, நீங்கதான் அமெரிக்க அதிபராம்.”

அக்கா அண்ணாச்சி பக்கம் திரும்பினார். “அப்ப மொத உத்தரவு போடுறேன். அந்த வேனைத் திருப்பி வரச் சொல்லுங்க” என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த டைரியைத் திறந்தால் அதில் இன்னொருத்தி அதிபர். பதினோரு டைரியிலும் பதினோரு அதிபர்கள். தெரிந்தே ஒரு பிழையை விட மாட்டேன் என்ற மனிதர் எழுத்துச் சுத்தமாகப் பதினொன்றை விட்டிருந்தார்.

பொங்கலுக்கு முன்னாலேயே அவருக்கும் வேலை போய்விட்டது. விருதுநகரில் மச்சினர் மண்டியில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுவதாகக் கேள்விப்பட்டேன். தும்மிக்கொண்டேதான் எழுதியிருப்பார். ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை, அது என் தப்பு.

பன்னிரண்டாவது டைரி ஒன்றும் இருந்தது, அது என் மேஜை டிராயரில் கிடந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ தேசங்களில் எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் இன்றைக்கும் அமெரிக்காவுக்கு நான்தான் அதிபர். என் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக் இருக்கிறது, அண்ணாச்சி போட்டது.