மேகத்துக்கு ஈடு

"மாமா, இங்க மறுபடியும் இருட்டிக்கிட்டு வருது. பத்து மெகாவாட் போச்சு."

போனில் அழாத குறையாகப் பேசியவன், வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சூரிய மின் பண்ணையின் மேற்பார்வையாளன். கேட்டவர் அவனுடைய அக்கா புருஷன். வேலிக்கு இந்தப் பக்கம், அணுமின் நிலையத்தில் ஷிப்ட் இன்ஜினியர்.

அன்றைக்கு நிலையத்துக்குப் பரீட்சை. வெயில் குறைந்தால் அணு உலை ஏற வேண்டும், வெயில் வந்தால் இறங்க வேண்டும். சாயங்காலத்துக்குள் செய்து காட்டினால் நிலையம் பிழைக்கும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் இழுத்து மூடிவிடுவார்கள். அவர் மனைவி நம்பிக்கை இழந்து, பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்ற ஆரம்பித்து ஒரு வாரமாகிறது.

ஜன்னலே இல்லாத அந்த அறையில் இன்ஜினியர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஐம்பதுல இருக்கு. எண்பது சதவீதத்துக்கு ஏத்துப்பா."

ஆபரேட்டர் மெல்ல மெல்ல ஏற்றினார். ஒரு மணி நேரத்தில் மறுபடி போன்.

"மாமா, இப்ப முப்பது போச்சு!"

"வானிலைக்காரங்க பளிச்சுனு வெயில் அடிக்கும்னாங்களேடா!"

"அவங்களை இங்க வந்து நிக்கச் சொல்லுங்க. டார்ச் அடிச்சாத்தான் மீட்டரே தெரியுது."

தொண்ணூறுக்கு ஏற்றினார்கள். பண்ணை பாதியாகப் படுத்தது.

சோதிக்க வந்த அதிகாரி மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். பாராட்டி எழுதுகிறவர் இவ்வளவு எழுத மாட்டார் என்று இன்ஜினியர் கணக்குப் போட்டார்.

"நூறு," என்றார்.

"சார், அதுக்கு மேல கேட்டா நம்மகிட்ட இல்ல."

"எனக்குத் தெரியாதாய்யா? ஏத்து."

நூறைத் தொட்டதும் போன் அலறியது.

"மாமா, மொத்தமும் படுத்துடுச்சு! எங்க தலையெழுத்து. ஊரெல்லாம் வெயில் கொளுத்துது, எங்களுக்கு மட்டும் மேகம்."

இன்ஜினியர் நாற்காலியில் சரிந்தார். மீதிப் பாத்திரங்களையும் சுற்றிவிடச் சொல்லலாம் என்று நினைத்தார். போனில் யாரோ ஒரு பெண் விடாமல் பேசுவது கேட்டது.

"யார்ரா அது?"

"பேனல் துடைக்கிற அம்மா. காலையிலேருந்து என்னமோ சொல்ல வர்றாங்க. நான்தான் விரட்டிக்கிட்டே இருக்கேன்."

"குடு. அவங்க திட்டுறதையும் கேட்டுடறேன்."

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இது மேகமே இல்லீங்க. நீங்க கரண்டை ஏத்த ஏத்த உங்க தண்ணி ஆத்துற கோபுரத்துலேருந்து கெளம்புற நீராவிதான், காத்துல வந்து எங்க மேல குடை பிடிக்குது!"