செயலாளர் இல்லாத அப்பார்ட்மெண்ட்

கொள்கையின் பேரால் ஒரு கழிவுநீர் லாரியைக் காலியாகவே திருப்பி அனுப்பியவன் நான். என் வாழ்நாளில் நான் நேரடியாக இறங்கிச் செய்த ஒரே அரசியல் நடவடிக்கை அதுதான்.

எல்லாம் வாசிப்பு செய்த வேலை. முதலாளி ஓடிப்போன ஆலைகளைத் தாங்களே நடத்திய ஸ்பெயின் தொழிலாளர்கள், பூட்டிக் கிடந்த கட்டடங்களில் புகுந்து தலைவரே இல்லாமல் சமைத்து, பாடி, சண்டை போட்டு வாழ்ந்த ஐரோப்பிய நகரத்து இளைஞர்கள் என்று சுயநிர்வாகத்தின் வரலாற்றைப் படித்துப் படித்து, அண்ணனூரில் எங்கள் அப்பார்ட்மெண்டிலேயே அதை நிறுவிவிட்டேன். செயலாளர் பதவி ஒழிந்தது. இனி எல்லாம் பொதுக்கூட்டம்தான். ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் செல்லாது. (பலத்த கைதட்டல். கூட்டம் முடிந்துவிட்ட மகிழ்ச்சி அது என்பது பிறகுதான் புரிந்தது.)

அடுத்த மாதமே செப்டிக் டேங்க் நிரம்பியது. தரைத்தளத்தில் இருப்பது நாங்கள்.

"பாத்ரூம்ல தண்ணி இறங்கவே மாட்டேங்குது. நாளைக்குக் காலையில எங்கண்ணன் குடும்பத்தோட வர்றாரு, ஞாபகம் இருக்கட்டும்" என்றாள் என் மனைவி கலா.

கூட்டத்தைக் கூட்டினேன். மூன்றாம் மாடி ஐ.டி. இளைஞர், வீட்டிலிருந்து வேலை, நாற்றம் தாங்காது, ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று மறுத்தார். தீர்மானம் விழுந்தது. (என் பாத்ரூம் என்பதாலேயே விலக்குக் கேட்கக் கூச்சம்.)

ஆனால் மாலையில் லாரி வந்து நின்றது. பழைய செயலாளர் கபீர் பாய், பழக்க தோஷத்தில் போன் செய்துவிட்டிருந்தார்.

"யாரைக் கேட்டு வரச் சொன்னீங்க பாய்?"

"ரொம்பிடுச்சு சார். இதுக்குப் போய் யாரைக் கேக்கறது?"

"அதிகாரம் இப்படித்தான் பாய் திரும்பவும் உள்ள வரும்."

"அதிகாரம் எப்ப வருமோ தெரியாது சார். இது விடியறதுக்குள்ள வந்துடும்."

குழாயைத் தோளில் போட்டபடி நின்ற டிரைவர் பொறுமையிழந்தார். "இன்னா நைனா, உள்ள உடவா, சுருட்டவா? பட்டாபிராம்ல பார்ட்டி வெய்ட் பண்ணிகினு கீறாரு."

"சுருட்டுங்க" என்றேன், வரலாறு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தோரணையில்.

காலையில் மைத்துனர் குடும்பம் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, அப்பார்ட்மெண்டின் பொதுச்சொத்து முழுவதும் எங்கள் பாத்ரூம் வழியாக ஹாலுக்கு வந்துவிட்டிருந்தது. மைத்துனர் பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. வந்த ஆட்டோவிலேயே ஆவடிப் பக்கம் லாட்ஜ் தேடிப் போனார்கள்.

அன்றே கபீர் பாய் மீண்டும் செயலாளரானார். எங்கள் பொதுக்கூட்டம் ஒருமனதாக நிறைவேற்றிய ஒரே தீர்மானம் அது. முன்மொழிந்தவன் நான்தான், வேட்டியை மடித்துக் கட்டி, கையில் துடைப்பத்துடன்.

கலா பகல் முழுக்க ஹாலைக் கழுவிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் இன்னொரு பினாயில் பாட்டிலைத் திறந்துகொண்டே ஒன்று சொன்னாள். அதை மைத்துனர் இன்றும் கல்யாண வீடுகளில், என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, எல்லோருக்கும் சொல்லிக்காட்டுகிறார்:

"புரட்சி பண்றது ஒண்ணும் தப்பில்லைங்க. அதை மாடியில குடியிருக்கறவங்க பண்ணணும்."